பிள்ளை மடுவத்தை விட்டுப் போகாத எடைகள்

பண்டாரவளையில் கணினி படித்து முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் பூனாகலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கொழும்பில் ஒரு சிறிய நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. படிப்பைப் பார்த்து எடுக்கவில்லை. நான் தோட்டத்தில் இருக்கிறேன் என்பதற்காகத்தான் எடுத்தார்கள். அவர்கள் செய்துகொண்டிருந்த ஆப் தோட்டங்களுக்கானது. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளை மடுவத்தில், மாதம் ஒருமுறை ஒவ்வொரு குழந்தையையும் நிறுத்து, எடையைப் போனில் பதிய வேண்டும். பதிந்தது கொழும்புக்குப் போகும். எடை குறைந்த குழந்தைகள் எந்தத் தோட்டத்தில் அதிகம் என்று பார்த்து, ஒரு தொண்டு அமைப்பு அங்கே சத்துமாவும் பால்மாவும் அனுப்பும். அந்த ஆப்பை, அவர்கள் தந்த போன் ஒன்றில், எங்கள் மடுவத்தில் வைத்து ஓட்டிப் பார்த்து, எங்கே சிக்குகிறது என்று சொல்வது என் வேலை.

மடுவத்தைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் லயத்துக்கு மேல் லயத்தில் இருந்த ஓர் அக்கா. ஐம்பது வயதை நெருங்கியவர். போனில் எழுத்தைத் தேடித் தேடி ஒரு விரலால் அடிப்பார். முதல் நாள் ஒரு குழந்தையைத் தராசுத் தொட்டிலில் தொங்கவிட்டு, எடையை அடித்து, அனுப்பும் பொத்தானை அமுக்கினார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"என்னா புள்ள, சுத்துது, சுத்துது, நிக்கவே மாட்டேங்குது?"

கொழும்பில் அந்த ஆப்பை எழுதிய அண்ணாவுக்கு நான் போன் எடுத்தேன். மேலே ரோட்டில் கோயில் வளைவுக்கு ஏறிப் போனால்தான் பேச்சு தெளிவாகக் கேட்கும். அவர் கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ட பிழைதான் தங்கச்சி. சேர்வர் என்ட லெப்டொப்லயே இருக்குதுன்னு எழுதின விலாசத்தை மாத்த மறந்துட்டேன். உங்கட போன் அதை தனக்குள்ளேயே தேடிட்டு இருக்கு."

விலாசத்தை மாற்றிப் புதிய ஆப்பை அனுப்பினார். வட்டம் நின்று, பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் வந்தது. அக்கா கைதட்டினார். தொட்டிலில் இருந்த குழந்தையும் தட்டியது. இந்த வேலை எனக்கு வரும் என்று அன்று நினைத்தேன்.

ஐப்பசி மழை தொடங்கியதும் நிலைமை மாறியது. மடுவம் இருப்பது பள்ளத்தில். டவர் எதிர் மலையில். இடையில் ஒரு முகடு. மூடுபனி இறங்கினாலோ, கரண்ட் போனாலோ, போனில் கவரேஜ் கோடுகள் அப்படியே நிற்கும். ஆனால் எதுவும் போகாது, எதுவும் வராது. கோடே இல்லாவிட்டால் பரவாயில்லை, இணைப்பு இல்லை என்று ஆப்பே சொல்லிவிடும். கோடு இருந்ததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அது நம்பியது. எடையை வெளியே தள்ளிவிட்டு, பதில் வருமுன்பே பச்சை அடையாளத்தைக் காட்டிவிட்டு, தன்னிடம் இருந்ததை அழித்துக்கொண்டது. நாங்கள் போய்விட்டது என்று நினைத்தோம். கொழும்புப் பட்டியலில் அந்த மாதம் எங்கள் தோட்டத்துக்கு நேரே ஒன்றும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வாரங்கள் ஆயின. முதலில் போனைச் சந்தேகப்பட்டேன். அதை அணைத்துப் போட்டேன், விமானப் பயன்முறையில் போட்டு எடுத்தேன், சிம்மை மாற்றினேன். அம்மாவின் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் எடுத்துப் பார்த்தேன். பிறகு போனை லெப்டொப்பில் வயரால் இணைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று வரி வரியாகப் படித்தேன். சேர்வரோடு தொடர்பு திறக்கிறது, எடை கிளம்புகிறது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பிழை என்றுகூட எதுவும் பதிவாகவில்லை. அக்கா ஒரு பக்கம் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். நான் மூலையில் வயர்களோடு உட்கார்ந்திருப்பேன்.

அண்ணாவிடம் சொன்னேன், நம்பினார். ஆனால் அவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

"இணைப்பை எவ்வளவு மெதுவாக்கினாலும் இங்க வேலை செய்யுது. இணைப்பை வெட்டினா, இல்லன்னு சரியா சொல்லுது. ரெண்டுக்கும் நடுவுல உங்களுக்கு நடக்குறத என்னால இங்க உண்டாக்கவே முடியல்ல."

"திரைய வீடியோ எடுத்து அனுப்புறேன் அண்ணா."

எடுத்தேன். அது மடுவத்திலிருந்து போகவில்லை. கோயில் வளைவிலிருந்தும் போகவில்லை. மறுநாள் பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போய், படித்த இடத்தில் வைஃபை கேட்டு அனுப்பினேன். வீடியோவைப் பார்த்துவிட்டு, அண்ணாவுக்கு மேலே இருந்த மேலாளர் ஒரே வரியில் பதில் எழுதியிருந்தார். போனில் கவரேஜ் இருக்கிறது, ஆப்பும் சரி என்று காட்டுகிறது, இதில் குறை என்ன?

நான் எழுதிய பதில் நீளமாக இருந்தது. அதை அவர் வாசித்தாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒருநாள், நேரில் வந்து பார்க்கிறோம் என்று சொன்னார்கள்.

அவர்கள் வந்தபோது மழை விட்டிருந்தது. தை மாதக் கடைசி. முதல் நாள் பண்டாரவளையில் தங்கிவிட்டு, நிறுவனத்து மேலாளரும் தொண்டு அமைப்பின் அதிகாரி ஒருவரும் வேனில் வந்தார்கள். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. முகட்டுக்கு மேல் தெரிந்த எதிர் மலை டவரின் உச்சிக் கம்பிகளை எண்ணலாம் போல இருந்தது. அக்கா குழந்தைகளுக்குத் தலை வாரி, பவுடர் பூசி வரிசையாக உட்காரவைத்திருந்தார். மேலாளர் சிங்களவர், எங்களுக்காகத் தமிழில் பேசினார். போனை அவரே வாங்கி, ஓர் எடையை அடித்து அனுப்பினார். பச்சை அடையாளம். தன் போனை எடுத்துக் கொழும்புப் பட்டியலைத் திறந்தார். எடை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. இன்னொன்று அனுப்பினார். அதுவும் சேர்ந்தது. அக்காவிடம் கொடுத்து அடிக்கச் சொன்னார். அதுவும் சேர்ந்தது. நான் போனைச் சுவரோரம் கொண்டுபோய், கதவைச் சாத்தி, குனிந்து உட்கார்ந்துகொண்டு அனுப்பினேன். சேர்ந்தது.

"நல்லாத்தானே இருக்குது," என்றார் மேலாளர். கோபமாகச் சொல்லவில்லை. எனக்காகச் சந்தோஷப்படுவது போலத்தான் சொன்னார்.

"மழை நாள்ல வந்து பாருங்க சார். அப்ப தெரியும்."

அவர் வாசலுக்கு வந்து, வேன் ஏறி வந்த பாதையைக் கீழே பார்த்தார். "மழை நாள்ல இந்த ரோட்டுல எப்படி வர்றது?"

அதிகாரி குழந்தைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அக்கா தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார். வேன் போன பிறகு அவர் என்னிடம், "நல்லபடியா முடிஞ்சிருச்சு, இல்ல புள்ள?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அடுத்த வாரம் என் முறைப்பாட்டை, அந்தக் குறையைத் திரும்பச் செய்துகாட்ட முடியவில்லை என்று குறித்து மூடினார்கள்.

சத்துமா வந்தது பக்கத்துத் தோட்டத்துக்கு. டவர் அவர்கள் தலைக்கு மேலேயே நிற்கிறது, இதே ஆப்பில் அவர்கள் அடித்ததெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. லொறி எங்கள் சந்தியைத் தாண்டி மேலே ஏறிப் போனதை மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். அன்று பின்னேரம் பிள்ளையைத் தூக்க வந்த ஓர் அம்மா, மடுவத்து வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள்தான் மடுவத்தில் ஆக மெலிந்த குழந்தை.

"எங்களுக்கு ஏன் வரல? எம்புள்ளய மாசா மாசம் தூக்கித் தொங்கவிட்டீங்களே, எதுக்கு?"

"நானும் மாசா மாசம் அடிச்சேன்டி. இந்தா, இந்தப் புள்ளதான் சாட்சி. இதுகிட்ட கேளு."

நான் தொண்டு அமைப்பின் அதிகாரிக்குப் போன் எடுத்தேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "ஐப்பசிக்குப் பிறகு உங்க தோட்டத்துல இருந்து அந்த ஒரு நாள்தான் பதிவு வந்திருக்கு. நாங்க வந்த நாள். மத்த நாள்ல அங்க யாரும் ஆப்ப பாவிக்கல்ல போல."

பாவித்தோம், மாதா மாதம் அடித்தோம், போய்ச் சேரவில்லை என்று விளக்கினேன். திரும்ப எல்லாக் குழந்தைகளையும் நிறுத்து, போனிலேயே வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். அப்படி எடுத்துக்கொள்ள வழியில்லை, ஆப்பில் வந்தால்தான் கணக்கு என்றார். அவர் குரலில் இரக்கம் இருந்தது. நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

கொழும்பு அண்ணா மட்டும் விடவில்லை. முறைப்பாடு மூடப்பட்ட பிறகும், தன் ஓய்வு நேரத்தில் ஆப்பைத் திருத்தி எழுதினார். எடையை முதலில் போனிலேயே பத்திரமாக வைக்கும். சேர்வரிடமிருந்து பதில் வந்தால்தான் பச்சை காட்டும், அதுவரை மஞ்சள். இணைப்பு வரும்போது தானாக மறுபடி அனுப்பும். என்னிடம் இருந்த போனுக்கு மட்டும் அனுப்பினார். சித்திரையில் பின்னேர மழை இடியோடு பெய்த ஒருநாள், மடுவத்தில் எடைகளை அடித்தேன். எல்லாம் மஞ்சளாக நின்றன. குடையைப் பிடித்துக்கொண்டு கோயில் வளைவுக்கு ஏறினேன். அங்கே நின்று பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகப் பச்சையாகின. நான் நனைந்துகொண்டே அவருக்குப் போன் எடுத்தேன்.

"வேல செய்யுது அண்ணா! எல்லாம் போயிருச்சு!"

எத்தனை போனது என்று கேட்டார். எண்ணிச் சொன்னேன்.

"சந்தோஷம் தங்கச்சி. நான் இந்த மாசத்தோட விலகுறேன். வெளிநாட்டுல வேல கிடைச்சிருக்கு. இத அடுத்து வர்றவங்ககிட்ட குடுத்துட்டுப் போறேன். கட்டாயம் எல்லா போனுக்கும் போடச் சொல்றேன்."

அவர் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார். அவருக்குப் பின் வந்த பெண் என் முதல் இரண்டு மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை. மூன்றாவதற்குப் போட்டார். திட்டம் முடிகிற கட்டத்தில் இருக்கிறது, இனிப் புதிதாக எதுவும் போடுவதில்லை என்று மேலே முடிவாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று. அந்த மாதமும் மடுவத்தில் எடை போட்டோம், திருத்திய ஆப்பில். நான் வளைவுக்கு ஏறி நின்றேன். நல்ல வெயில். எல்லாம் மஞ்சளாகவே இருந்தன. வயரைப் போட்டுப் பார்த்தேன். இந்தமுறை இணைப்பில் ஒரு குறையும் இல்லை. எதிர்முனையில் சேர்வரை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

என் வேலையும் அதோடு முடிந்தது. அவர்கள் தந்திருந்த சோதனைப் போனை அழித்துச் சுத்தமாக்கித் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அழிக்குமுன் ஆப்பை ஒருமுறை திறந்தேன். குழந்தைகளின் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மஞ்சள் புள்ளியோடு நின்றன. அந்த மெலிந்த பிள்ளையின் எடை முந்திய மாதத்தைவிடக் குறைந்திருந்தது. அதை யாருக்குச் சொல்வது என்று யோசித்தேன். அவள் அம்மாவுக்கு அது தெரியும். அழித்தேன்.

போனைப் பண்டாரவளையில் தபாலில் போட்டுவிட்டு, திரும்பும்போது மடுவத்துக்குப் போனேன். அக்கா வாசலில் பிள்ளைகளின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசம் எந்த நாள் நிறுக்குறது புள்ள?"

"இனி இல்லக்கா. முடிஞ்சிருச்சு."

அவர் ஏன் என்று கேட்பார் என்று நினைத்து, பஸ்ஸில் வரும்போதே பதிலைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவரோ பிழிந்த துணியை என் கையில் கொடுத்து, கொடியில் போடச் சொன்னார். உள்ளே ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அவர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். மழை வரும் போல இருந்தது. நான் துணிகளை வெளியே போடாமல், உள்ளே அடுப்புக்கு மேல் கட்டியிருந்த கயிற்றில் போட்டேன்.