அட்டைக் காசோலையின் இன்னொரு முனை

வெர்னா போஸ்மாவுக்கு லேசில் அருவருப்பு வராது. மிச்சிகனில் முப்பது குளிர்காலத்துக்கு மேல் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். சீட்டுக்கு அடியில் பிள்ளைகள் எடுத்த வாந்தியை மரத்தூள் தூவி அள்ளியிருக்கிறாள். எவனோ புத்தகப் பையில் போட்டுக் கொண்டுவந்த செத்த அணிலை வெறுங்கையால் தூக்கி வெளியே எறிந்திருக்கிறாள். புருஷன் வால்ட், படகையும் எதிர்வீட்டுக்காரியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஃபுளோரிடாவுக்குப் போனபோதுகூட, "அந்தப் படகு ஓட்டையாச்சே, சொல்லாம விட்டுட்டேனே" என்றுதான் வருத்தப்பட்டாள். அப்படிப்பட்டவளுக்கு வயிற்றைப் பிரட்டியது பள்ளி நூலகத்தில்தான். பீட்சா பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்பது பிள்ளைகள் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பிரட்ட ஆரம்பித்தது.

அவள் அங்கே போய் நின்றதற்குக் காரணம் துணி. பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு முன்கண்ணாடியில் சாலை தெரியும், மேல்கண்ணாடியில் பிள்ளைகள் தெரிவார்கள். ஒரு வருஷம் பழுப்புச் சட்டை போட்ட பையன் ஒருவன் ஏறுவான். அதே சட்டைதான் தினமும். அவன் உட்கார்ந்தால் முன்னும் பின்னும் சீட்டு காலியாகிவிடும். மூக்கைப் பிடிக்கிறவன் பிடிப்பான், சிரிக்கிறவள் சிரிப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை வெர்னா அவனை நிறுத்தி, "துணியை ஒரு பையில போட்டு, மறந்து விட்டுட்டுப் போற மாதிரி வச்சுட்டுப் போ" என்றாள். சனி ஞாயிறில் துவைத்து மடித்துத் திங்கட்கிழமை அதே சீட்டில் வைத்தாள். அடுத்த வாரம் ஒருத்தன் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கேட்டான். மேல்கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே போனதில் ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டாள் வெர்னா. முப்பது வருஷத்தில் அது ஒரு தடவைதான்.

ஓய்வு பெற்றதும் மாதா கோயில்காரர்களிடம் கெஞ்சி, கோயிலின் கீழ்த்தளத்தை இரவல் வாங்கினாள். பழைய சலவை இயந்திரங்கள், உலர்த்திகள், ஒரு நீள மேசை, ஒரு பெரிய பானை மிளகாய்ப் பீன்ஸ். வீடில்லாமல் சிநேகிதர் வீட்டு சோபாவிலும் வண்டியிலும் படுக்கிற பிள்ளைகள் புதன்கிழமை பின்வாசல் வழியாக வருவார்கள். ஜன்னலுக்கெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. பேர் கேட்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. துவைத்து, உலர்த்தி, தின்று, போய்விட வேண்டும். மறுநாள் பள்ளியில் அவர்களும் மற்ற பிள்ளைகள் மாதிரியே இருப்பார்கள். அவ்வளவுதான் அவள் செய்த சேவை.

அவர்களில் ஷாய்லா என்று ஒரு பெண், பதினாறு வயது. அம்மா போதைமருந்தின் பின்னால் போய்விட்டாள். மூடிக்கிடக்கும் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலைக்குப் பின்னால் மாமாவின் வேனில் தூங்குவாள். பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தில் அவளுடைய மேசைக் கூட்டாளி ஹேட்லி. ஊரில் பெரிய பல்மருத்துவரின் மகள் அவள். இரண்டு வருஷமாக ஷாய்லாவின் குறிப்புகளைப் பார்த்து எழுதுகிறாள். ஷாய்லா எங்கே தூங்குகிறாள் என்று அவளுக்குச் சந்தேகம்கூட வந்ததில்லை. வெர்னா இதைத் தன் பெருமையாக வைத்திருந்தாள்.

நவம்பரில் உலர்த்திகள் நின்றன. கோயில்காரர்கள் மின்சாரக்காரனைக் கூட்டிவந்து காட்டினார்கள். கம்பிகள் எல்லாம் கருகியிருக்கின்றன, மாற்றினால் நடத்தலாம், இல்லையென்றால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பூட்டிவிடுவோம் என்றார்கள். மிச்சிகன் குளிரில் உலராத ஜீன்ஸ் பலகை மாதிரி விறைத்துவிடும். ஈரத்தோடு போட்டுக்கொண்டு போன ஒரு பையனுக்குக் காய்ச்சல் வந்தது.

அப்போதுதான் மாணவர் நிதிக்குழுவைப் பற்றிச் சொன்னார்கள். எப்போதோ செத்த பணக்காரர் ஒருவர் விட்டுப்போன பணம். வழிதவறக்கூடிய இளைஞர்களுக்கு உதவும் உள்ளூர் அமைப்பு ஒன்றுக்கு வருஷா வருஷம் கொடுப்பார்கள். யாருக்கு என்று முடிவு பண்ணுவது உயர்நிலைப் பள்ளி மாணவர்களே. கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். யாரை வைத்துக் கற்றுக்கொள்வது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: உங்களால் வாழ்க்கை மாறிய ஓர் இளைஞரைப் பற்றி மனதைத் தொடும்படி எழுதுக. வெர்னா பேனாவைக் கீழே போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, பேர் போடாமல் ஷாய்லாவைப் பற்றி எழுதினாள். வேன், பெட்ரோல் நிலையக் கழிவறையில் பல் துலக்குவது, வண்டி ஓடி நின்ற சூட்டில் எஞ்சின் மூடிமேல் காலுறை காயப்போடுவது. பேர்தான் போடவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நேர்காணல் அன்று பள்ளி நூலகத்துக்கு வெளியே சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலிகளில் அமைப்புக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குத்துச்சண்டைப் பள்ளி நடத்தும் ஒரு முரட்டு ஆள், சுடப்பட்டுச் செத்த தன் மாணவனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, அழவேண்டிய இடத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் குதிரைமேல் ஏற்றி மனக்காயம் ஆற்றுகிற ஒரு பெண்மணி, குதிரை படம் போட்ட பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் யார் வீட்டுப் பிணம் பெரியது என்று காட்டத்தான் அங்கே எல்லோரும் காத்திருந்தார்கள். தானும் அந்த வரிசையில் இருப்பதை நினைத்து வெர்னாவுக்குக் கூசியது.

உள்ளே ஒரு பையன் பீட்சாவின் ஓரத்தை மென்றுகொண்டே கேட்டான். "உங்க கிட்ட வர்ற பிள்ளைங்களுக்கு ஆபத்து எவ்வளவுங்க? அஞ்சுக்கு எத்தனை மார்க் போடலாம்?"

"எதுக்குத் தம்பி மார்க்?"

"இல்ல, குதிரைக்காரங்க கிட்ட வர்றவங்கள்ல ஒரு பொண்ணு கையை அறுத்துக்கிட்டவ. அவங்களுக்கு அஞ்சு போட்டோம். உங்களுது வெறும் துணி துவைக்கிறதுதானே. அதனால வாழ்க்கை மாறுமா?"

"நாறாத துணி போட்டா பக்கத்துல நாலு பேர் உக்காருவாங்க. வேற ஒண்ணும் மாறாது."

பையன் ஏதோ எழுதிக்கொண்டான். குழுத்தலைவி ஹேட்லியின் கண்ணில் நீர் தளும்பியது. "அந்த வேன்ல இருக்கற பொண்ணு... எனக்கு ராத்திரி தூக்கமே வரல, மிஸஸ் போஸ்மா. நாம இருக்கற இதே ஊர்லயா இருக்கா அவ?"

உன் மேசையிலேயே இருக்கிறாள் என்று வெர்னா சொல்லவில்லை.

இரண்டு நாளில் ஹேட்லி போன் பண்ணினாள். "நீங்கதான் ஃபர்ஸ்ட்! எல்லாரும் கைதட்டிட்டோம். வெள்ளிக்கிழமை கூடைப்பந்து மேட்ச் இருக்குல்ல, இடைவேளையில நடு மைதானத்துல பெரிய அட்டைச் செக் குடுப்போம். ஒரு முனையை நாங்க பிடிப்போம். இன்னொரு முனையை உங்க கிட்ட வர்ற ஒருத்தர் பிடிக்கணும். அது வழக்கம்."

"நான் பிடிக்கறேன்."

"நீங்க இல்ல... உதவி கிடைச்ச ஒரு பிள்ளை."

"ஏம்மா, அந்த மேட்ச்சுக்கு வர்றது பூரா உங்க ஸ்கூல் பசங்க. எங்கிட்ட வர்றதும் உங்க ஸ்கூல் பசங்கதான்."

"அதான் அழகே!" என்றாள் ஹேட்லி, ஒரு கள்ளமும் இல்லாமல்.

பிறகு குழுவின் ஆலோசகர் க்ரெய்டன் பேசினார். எப்போதும் பஞ்சு வைத்துத் தைத்த கையில்லாக் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு, எல்லோர் தோளையும் தட்டுகிறவர். "கட்டாயம்னு சொல்லமாட்டேன் வெர்னா. ஆனா நன்கொடைக் குடும்பமே நேர்ல வருது. அவங்க ஒரு முகத்தைப் பார்க்க ஆசைப்படுவாங்க இல்லையா? ரெண்டாவதா வந்தவங்க ரெண்டு பிள்ளைங்களைத் தயாராவே வச்சிருக்காங்க." நயமாகக் கழுத்தைப் பிடிப்பது என்று இதைத்தான் சொல்வார்கள்.

புதன்கிழமை ஷாய்லா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். வெர்னா பீன்ஸைக் கிண்டியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் க்ரெய்டனுடைய குரல் மாதிரி இருந்தது.

"வேண்டாம்னா வேண்டாம் கண்ணு. உன்னைக் கட்டாயப்படுத்தல."

"வேற யாரைக் கேட்டீங்க?"

"யாரையும் கேக்கல."

ஷாய்லா நீளமேசையைப் பார்த்தாள். காய்ச்சல்காரப் பையன் இருமிக்கொண்டே தின்றுகொண்டிருந்தான். "சரி, மிஸ் வெர்னா. நான் வர்றேன்" என்றாள். "நல்லா யோசிச்சியா?" என்று வெர்னா இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்டால் அவள் யோசித்துவிடுவாளோ என்று பயம். அங்கிருந்தே ஹேட்லிக்குப் போன் பண்ணி, விண்ணப்பத்தில் எழுதிய பெண் ஷாய்லாதான் என்று பேரைச் சொன்னாள். அன்று வீட்டுக்குப் போய் வெர்னா கண்ணாடியைப் பார்த்துப் பல் துலக்க முடியாமல் விளக்கை அணைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விளையாட்டு அரங்கம் நிரம்பி வழிந்தது. மேளக்காரர்கள் ஒரு பக்கம், வெண்ணெயும் சோளப்பொரியும் மணக்கிற கடை ஒரு பக்கம். ஷாய்லா வாசலில் வந்து நின்றாள். கழுத்து பிய்ந்து, முன்பக்கம் கறைபிடித்த ஒரு சட்டை போட்டிருந்தாள். அதை அவள் தரை துடைக்கத்தான் வைத்திருந்தாள், வெர்னாவுக்குத் தெரியும்.

"என்னடி இது? துவைச்ச நீலச் சட்டை எங்க?"

"ஹேட்லி மெசேஜ் பண்ணினா. ரொம்ப நல்ல ட்ரெஸ் வேண்டாம், சாதாரணமா வா, இல்லன்னா பார்க்கறவங்களுக்குப் புரியாதுன்னு."

பிள்ளைகள் சுத்தமாக இருப்பதற்காக இத்தனை வருஷம் வெர்னா பட்ட பாட்டை ஒரு வரிச் செய்தியில் அழுக்காக்கிவிட்டார்கள், இதயம் படம் போட்டு. அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் இடைவேளை மணி அடித்துவிட்டது, க்ரெய்டன் தோளைத் தட்டி நடு மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

கதவு அகலத்துக்கு ஓர் அட்டை. ஹேட்லி ஒரு முனையைப் பிடித்தாள், ஷாய்லா இன்னொரு முனையை. ஹேட்லி மைக்கில் படிக்க ஆரம்பித்தாள். வெர்னா எழுதிக்கொடுத்த வார்த்தைகளேதான், ஒன்றுகூட மாறவில்லை. வேன், பெட்ரோல் நிலையக் கழிவறை, எஞ்சின் மூடிமேல் காலுறை. கடைசியில் ஹேட்லியே ஒரு வரி சேர்த்தாள். "அந்தத் துணிச்சலான பொண்ணு இதோ நிக்கறா. என் லேப் பார்ட்னர், ஷாய்லா!" அரங்கம் முழுக்க "ஓ..." என்று ஒரு சத்தம், தெருவில் அடிபட்ட நாய்க்குட்டியைப் பார்த்தால் வருமே, அது. பிறகு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாணவர் பக்கத்தில் போன்கள் உயர்ந்தன. கைதட்டியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுகையால் பொரி தின்றார்கள்.

வெர்னா மைக்கைப் பிடுங்கினாள். "நிறுத்துங்கய்யா! இவ என்ன கண்காட்சிப் பொருளா? இந்த அட்டையைக் கொண்டுபோய் உங்க வீட்டு வரவேற்பறையில மாட்டிக்கங்க!" அட்டையைப் பறித்துத் தரையில் போட்டாள். அது படாரென்று சத்தம் போட்டு விழுந்தது. ஷாய்லாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கு ரொம்ப நாளைக்கப்புறம் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

ஷாய்லா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கு அப்படிப் பண்ணீங்க?"

"என்னால சகிச்சுக்க முடியலடி. குமட்டிட்டு வந்துச்சு."

"உங்களுக்குக் குமட்டுச்சா? நின்னது யாரு?" குரல் உயரவில்லை. "இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்தது யாரு? திங்கக்கிழமை அந்த க்ளாஸுக்குப் போகப் போறது யாரு, நீங்களா?"

"நீ அங்க அப்படி நிக்கறதை..."

"நான் நின்னுட்டேன், மிஸ் வெர்னா! எல்லாரும் பார்த்தாச்சு, கேட்டாச்சு, படம் பிடிச்சாச்சு. அதை யாரும் திருப்பித் தரப் போறதில்ல. அதுக்குப் பதிலா டிரையர் வரும்னுதான் நின்னேன். நீங்க அதையும் தூக்கிக் கீழ போட்டுட்டு வந்துட்டீங்க. உங்க மானம் மட்டும் பத்திரமா இருக்கு."

வெர்னா அரங்கத்தின் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"போங்க" என்றாள் ஷாய்லா. "உள்ள போய் வாங்கிட்டு வாங்க. நான் வரமாட்டேன். என் வேலையை நான் முடிச்சுட்டேன்."

வெர்னா சூடு வரும்படி எஞ்சினை ஓடவிட்டு, சாவியை அப்படியே வைத்துவிட்டு இறங்கினாள். பனி பெய்துகொண்டிருந்தது. அந்த வாகன நிறுத்தத்தை அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். இத்தனை நீளமாக அது என்றும் இருந்ததில்லை.

அட்டை பொரிக்கடைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. க்ரெய்டன் குதிரைப் பெண்மணியோடு பேசிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் புதுத் தொப்பி போட்டுத் தயாராக நின்றார்கள். ஹேட்லி அம்மாவின் தோளில் அழுதுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடும்மா" என்றாள் வெர்னா. "உணர்ச்சிவசப்பட்டுட்டேன். நீ நல்லதுதான் செஞ்சே. எங்களுக்கு அந்தப் பணம் வேணும்."

ஹேட்லி உடனே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் தலைமுடியில் ஸ்ட்ராபெரி மணந்தது. க்ரெய்டன் இரு தரப்பையும் ஒரு முறை பார்த்துவிட்டு, குதிரைப் பெண்மணியிடம் இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டினார். பிறகு வெர்னாவின் தோளைத் தட்டினார்.

"சகஜம்தான் வெர்னா, உங்க மனசு எங்களுக்குப் புரியுது. நன்கொடைக் குடும்பத்துக்கு ஒரு படம் மட்டும் எடுத்துக்கலாம். அந்தப் பொண்ணு எங்க?"

"வண்டில இருக்கா. குளிர் தாங்கல அவளுக்கு."

"பரவாயில்ல. நீங்களே பிடிங்க."

வெர்னா அட்டையின் இன்னொரு முனையைப் பிடித்தாள். அதில் யாருடைய வெண்ணெய் விரலோ பட்டிருந்தது. படம் எடுக்கிறவன் குனிந்து பார்த்து, "கொஞ்சம் சந்தோஷமா, மேடம்" என்றான். அவள் பல் தெரியச் சிரித்தாள். "இன்னும் கொஞ்சம்" என்றான். இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.