அழுத்தமான பார்வை

அறுபதுகளின் நடுவில் நான் கடலூரில் ஒரு நாளிதழுக்குச் செய்தியாளனாக இருந்தேன். நீரில் மூழ்கிய சாவுகள் எனக்குப் பழகிப்போயிருந்தன. பத்து வரிக்கு மேல் அவற்றுக்கு இடம் கிடைக்காது. பிச்சாவரத்தை அடுத்த மீனவக் கிராமம் ஒன்றிலிருந்து சிதம்பரத்துக்கு ஓர் உடல் வந்திருப்பதாகத் தெரிந்தபோது, பத்து வரி என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

இறந்தவன் தன் பங்காளியோடு தோணியில் போயிருந்தான். பங்காளி மட்டும் திரும்பி வந்தான். குடித்திருந்தவன் கழி ஊன்றும்போது சாய்ந்து விழுந்துவிட்டான் என்று சொன்னான். மறுநாள் சுரபுன்னை வேர்களுக்கு இடையே உடல் கிடைத்தது. வலையைப் பங்கிடுவதில் இரண்டு பேருக்கும் வெகுநாளாகச் சண்டை என்று ஊரில் பேச்சு.

சவக்கிடங்கில் இறந்தவனின் மனைவி, அவள் தம்பி, பங்காளி, ஓர் ஏட்டு, நான். துணியை விலக்கினார்கள். அவளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அழவில்லை. முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு பார்வை தோள், கை என்று இறங்கி, இடுப்புத் துண்டின் முடிச்சில் நின்றது. அங்கிருந்து நேராகப் பங்காளியின் கைகளுக்குப் போனது. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஏட்டய்யா, எங்க ஊட்டுக்காரரு எடது பக்கந்தான் முடிச்சு போடுவாரு. ஒரு நாளும் மாத்திக் கட்டினதில்ல. இது வலது பக்கம் இருக்குது. வேற யாரோ கட்டி வுட்டுருக்காங்க."

"தண்ணியில கெடந்தா எல்லாந்தான் சுத்திக்கும்மா."

"துணி சுத்திக்கும். யாரு கை போட்ட முடிச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

ஏட்டு என்னை வெளியே அழைத்துப் போனார். "சார், முடிச்சு கிடிச்சுன்னு எழுதிடாதீங்க. தாசில்தார் விசாரணை இருக்குது." ஒப்புக்கொண்டேன். போலீஸ் எழுத வேண்டாம் என்று சொன்னதை எழுதினால் அடுத்த செய்தி நமக்கு வராது.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதினேன். முடிச்சை எடுத்துவிட்ட பிறகு செய்தியில் அவள் செய்வதற்கு ஒன்றும் இல்லை, சும்மா நின்றாள். நான் பார்த்ததில் கொஞ்சமாவது இருக்கட்டும் என்று அவள் பார்வையை எழுத முடிவு செய்தேன். அதற்கு ஓர் அடைமொழி வேண்டியிருந்தது. 'கூரிய' என்பது எங்கள் கொலைச் செய்திகளில் ஆயுதத்துக்குப் போடுவது. 'நுட்பமான' கச்சேரி விமர்சனத்துக்கு ஆகும், சவக்கிடங்குக்கு ஆகாது. 'ஊடுருவும்' எல்லைச் சண்டைச் செய்திகளுக்குப் போய்விட்டது. மூன்றையும் அடித்துவிட்டு 'அழுத்தமான' என்று எழுதினேன். ஓரிடத்தில் விரலை வைத்து அழுத்துவது போலத்தான் அவள் பார்த்தாள். 'கண்ணீர் சிந்தாமல், அழுத்தமான பார்வையுடன் நின்றார்.' ஒருமுறை படித்துப் பார்த்தேன், மனதுக்குள். திருப்தியாக இருந்தது. கவரை ரயிலில் அனுப்பினேன்.

செய்தி வெளியான மூன்றாம் நாள் அவளும் தம்பியும் கடலூரில் என் அறைக்கு வந்தார்கள். தம்பி பேப்பரை மேசையில் வைத்து அந்த வரியின் மேல் விரலை வைத்தான்.

"அழுத்தமான்னா இன்னா சார்?"

"உறுதியா, கவனமா பாக்கறதுன்னு அர்த்தம்."

"உங்க ஊர்ல அப்படியா? எங்க ஊர்ல அழுத்தக்காரின்னா, எல்லாத்தையும் மனசுல பூட்டி வச்சிக்கினு ஒண்ணுந் தெரியாத மாதிரி நிக்கிறவ. டீக்கடையில அந்தப் பங்காளி பேப்பர வாங்கி நாலு தடவ சத்தமா படிச்சிட்டான் சார். 'புருசன் செத்துக் கெடக்குறான், கண்ணுல தண்ணி இல்ல, அழுத்தமா நிக்கிறாளாம், பேப்பர்காரனே கண்டுபுடிச்சிட்டான்'னு. எங்க அக்காதான் என்னமோ பண்ணிட்டு முடிச்சு கத சொல்றான்னு ஊரே பேசுது."

எங்கள் ஊர் குறிஞ்சிப்பாடி. என் அம்மா வாயில் அந்தச் சொல்லை நூறு தடவை கேட்டிருக்கிறேன். சித்தி ஒருத்தியை அவள் வேறு பெயரால் குறிப்பிட்டதே இல்லை. எழுதும்போது அது என் காதில் விழவில்லை.

தம்பியை விலக்கிவிட்டு அக்காள் முன்னால் வந்தாள். "முடிச்ச ஏன்யா போடல?" என்றாள்.

ஏட்டு சொன்னதைச் சொன்னேன்.

"நான் சொன்னத வுட்டுட்டீங்க. நின்னதப் போட்டீங்க." குரலை உயர்த்தவில்லை. "வர்ற வாரம் தாசில்தாரு வர்றாரு. பஞ்சாயத்தாரு அஞ்சு பேரு சொல்றததான் எழுதிக்குவாராம். அதுக்குள்ள மாத்திப் போடுங்க. ஊடு அவங்க ரெண்டு பேருக்கும் பொது. என்ன நம்பலன்னா அந்த ஊர்ல எனக்கு ஊடு இல்ல."

அன்றே தலைமை அலுவலகத்துக்கு ட்ரங்க் கால் போட்டேன். தலைமை உதவி ஆசிரியர் சிரித்தார்.

"பேரு தப்பா வந்தா திருத்தம் போடலாம், ஊரு தப்பா வந்தா போடலாம். அடைமொழிக்கு எவன்யா திருத்தம் போடுவான்? சரி, என்ன வார்த்தை வேணும், சொல்லு."

'கூர்மையான' என்றேன். எனக்கே போதவில்லை. எந்த வார்த்தையைப் போட்டாலும் அவள் எதைப் பார்த்தாள் என்பது அதில் வராது. "அப்படின்னா முடிச்சு விஷயத்தைப் போடுங்க" என்றேன். விசாரணைக்கு முன்னால் அது கூடாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். திருத்தம் வரவில்லை.

விசாரணைக்குப் போயிருந்தேன். ஊர்ப் பொது இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். பஞ்சாயத்தார் ஐந்து பேரில் இரண்டு பேர் பங்காளி வீட்டுச் சம்பந்திகள். அவள் முடிச்சைப் பற்றிச் சொன்னாள். சவக்கிடங்கில் சொன்ன அதே வார்த்தைகள், ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. துண்டு எங்கே என்று தாசில்தார் கேட்டார். உடலோடு எரித்தாகிவிட்டது என்று ஏட்டு சொன்னார். பஞ்சாயத்தாரில் பெரியவர் ஒருவர் மடியிலிருந்து என் செய்தியை எடுத்து நீட்டினார்.

"அது கொஞ்சம் அழுத்தமான பொம்பளைங்க. பேப்பர்லயே போட்டிருக்குது. அது பேச்ச ஜாஸ்தி எடுத்துக்காதீங்க."

நான் எழுந்து, அதை எழுதியவன் நான்தான், அந்தப் பொருளில் எழுதவில்லை, முடிச்சை அவள் அங்கேயே காட்டினாள், நானும் கேட்டேன் என்றேன். தாசில்தார் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப ஏன் சார் நீங்க அதை எழுதல?"

பதில் சொல்வதற்கு ஏட்டைத்தான் காட்ட வேண்டும். ஏட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

தவறி விழுந்து இறந்ததாக ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவளிடம் கைநாட்டு வாங்கினார்கள். மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனவள், ஒரு தகரப் பெட்டியும் பாயுமாக வெளியே வந்தாள். பங்காளியின் மனைவி திறந்து கிடந்த கதவைச் சாத்தினாள்.

பஸ்ஸுக்கு மூன்று பேரும் ஒன்றாகத்தான் நடந்தோம். வேறு வழி இல்லை. நான் பெட்டியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். தம்பி தரவில்லை.

"இதையும் எழுதிடாதீங்க சார்" என்றான்.

எழுதினேன். என் வேலை அது. விசாரணை முடிந்தது என்று நான்கு வரி. அதில் அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.