நீட்ட முடியாத கால்

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த ஆண்டுகளில் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் எங்களுக்குப் புளி மண்டி இருந்தது. மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போய் மலைப்புளி பேசி வாங்குவது என் வேலை. அப்போதுதான் எனக்குக் கல்யாணமாகியிருந்தது.

ஒருநாள் மலையிலிருந்து இறங்கிய பஸ் வடக்கனந்தலுக்கு முன்பே நின்றுவிட்டது. சாலையின் குறுக்கே மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். எல்லோரும் இறங்கி நடந்தோம். நான் மரத்தின்மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தேன். வலது பாதம் ஒரு கிளைக் கவட்டையில் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் டப்பென்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் கால் பாதி மடங்கியபடியே இருந்தது. நீட்ட முடியவில்லை.

மறியலில் நின்ற ஒருவர் ஓடி வந்தார். கரும்பு விவசாயி.

"இன்னா பாய், காலு ஒடிஞ்சி போச்சா?"

"தெரிலீங்க. நீட்ட வரல."

"சைக்கிள்ல குந்துங்க. நாங்க வெட்டுன மரத்துலதான வுழுந்தீங்க. நானே வூட்ல வுட்டுட்டு வரேன்."

வழியில் மறித்தவர்களிடமெல்லாம் அவரே பேசி வழி வாங்கினார். அவரைத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. மேட்டில் அவருக்கு மூச்சு வாங்கியதைக் கேட்டபின் வாய் வரவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருந்தது. "படத்துல ஒண்ணும் இல்லியே, ஊனி நடந்து பாரு" என்றார் அத்தா. பெற்ற மகன் நடிப்பதாக அவர் நினைத்தது வலியைவிட மோசமாக இருந்தது.

சாலைகள் திறந்ததும் மனைவியோடு சின்னசேலத்தில் ரயிலேறிச் சேலத்துக்குப் போனேன். அங்கே எலும்பு டாக்டர் காலை மடக்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல பிறை மாதிரி ரெண்டு குருத்தெலும்பு இருக்கு. உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு. உடம்போட பாரத்தை அதுங்கதான் பரப்பி வாங்குது. உங்களுக்கு உள்பக்கத்துது கிழிஞ்சி, அந்தத் துண்டு மூட்டுக்குள்ள சிக்கியிருக்கு. குருத்தெலும்பு எக்ஸ்ரேல தெரியாது."

"தானா ஒட்டிக்காதுங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"அந்தப் பிறையோட வெளி ஓரத்துக்குத்தான் ரத்த ஓட்டம் உண்டு. இவருக்கு மாதிரி உள் ஓரத்துல கிழிஞ்சா ஆறாதும்மா. எடுத்துடணும். எடுத்தா கால் நீளும். ஆனா பின்னாடி எலும்பும் எலும்பும் உரசித் தேயும்."

அந்தக் காலத்தில் மூட்டைத் திறந்து முழுசாகவே எடுத்துவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் எடுத்தார்கள். கட்டுப் பிரித்ததும் கால் நீண்டது. டாக்டர் சொன்னதை மனைவி அத்தாவிடம் ஒப்பித்தாள். அடுத்த வாரம் புளி வாங்க மலைக்கு அவரே கிளம்பிவிட்டார்.

ஐம்பதைத் தாண்டியதும் மூட்டுத் தேய்மானம் வந்தது. இப்போது தொழுகையில் காலை மடித்து உட்கார முடியாது. பள்ளிவாசலில் எனக்கு நாற்காலிதான். செயற்கை மூட்டு வைத்துக்கொள்ளச் சொல்லி மகள் விடாமல் கேட்கிறாள். நோன்பு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.