சீனிப்பாகு

இன்று வடசேரிச் சந்தையில் வாங்கிய தேன் பாட்டிலைத் திறந்ததும், இப்போது மாடிவீடுகளாகிவிட்ட கோட்டாற்றுத் தோப்பில் வாப்பா வைத்திருந்த தேனீப் பெட்டிகளின் இரைச்சல் காதுக்குள் கேட்டது. தேனீக்கு அல்லாஹ்வே வஹீ எனும் இறைச்செய்தியை அறிவித்ததாகக் குர்ஆனில் இருக்கிறது, அதன் தேனில் கலப்படம் செய்வது ஹராம் என்று வாங்க வருவோரிடம் சொல்லும் அதே வாப்பா, ஆனி மழையில் சீனிப்பாகு காய்ச்சுவதைப் பார்த்ததிலிருந்து, அந்தச் சின்ன வயதில் எனக்கு அவர்மேல் சந்தேகம் இருந்தது.

ஒருநாள் பாகுச் சட்டியோடு தோப்புக்குப் போனவரின் பின்னால் ஒளிந்து போனேன். அவர் தேங்காய்ச் சிரட்டைகளில் பாகை ஊற்றிப் பெட்டிகளுக்குள் வைத்தார்.

“தேன்ல சீனி கலக்குறியளா வாப்பா?” என்று கேட்டுவிட்டேன்.

“மழையில பூ கெடையாதுல்லா மக்கா, இதுகளுக்குப் பசிக்காதா? இந்த மாசத்துல நாம தேனே எடுக்கமாட்டோம்” என்றவர், சட்டியைக் கீழே வைத்துவிட்டு, “ஒனக்கு யாரு அப்படிச் சொன்னது?” என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்ததுதான். கீழே இருந்த சட்டியை எடுத்து அடுத்த சிரட்டையில் பாகை ஊற்றினேன்.