ஏழாவது களை

போன அமாவாசையன்று மேல்மலையனூர்க் கோயில் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் நின்றவரின் முதுகில் இரண்டு கைகளையும் வைத்து ஒரு தள்ளு தள்ளிவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், எல்லாரும் அங்கதான போறோம்? நீ மட்டும் ஜல்தியா போய் இன்னா பண்ணப் போற?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். காரணத்தைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். பக்கத்துக் கடையில் பலூன் ஊதல் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஊதிவிட்டால் பலூன் சுருங்கச் சுருங்க 'பீ' என்று அழுது மெலியுமே, அது. அந்தச் சத்தம் காதில் விழுந்தால் என் கைகள் என்னைக் கேட்காமலே முன்னால் போய்விடும். விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்து மிச்சம். கடைசியாக ஓட்டிப் பல வருடம் ஆகிறது. கைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கடலோரத்து ஓடுதளம் ஒன்றில் அப்போது ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளி இருந்தது. இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரும் வெள்ளை விமானம்; வாலில் சிவப்புக் கோடு. அதன் பெட்ரோலுக்கு ஒரு வாசனை உண்டு. எத்தனை முறை துவைத்தாலும் சட்டையை விட்டுப் போகாது. "ரேஷன் கடையில மண்ணெண்ண ஊத்தறவன் மாதிரி வர்ற பாரு" என்பார் அம்மா. சொல்லிவிட்டு, சட்டையைத் தனி வாளியில்தான் ஊறவைப்பார்.

காலையில் கிளம்பி மேற்கே வளவனூரைத் தாண்டினால் பயிற்சிக்கான வானம் தொடங்கும். தெற்கில் விழுப்புரம் ஜங்ஷன். தண்டவாளங்கள் ஐந்து பக்கமும் பிரிந்து போவதைப் பார்த்தால் திசை தப்பாது. வடக்கில் திண்டிவனம். நடுவில், பல்லவர் காலத்துக் குகைக் கோயில் இருக்கும் மண்டகப்பட்டுப் பாறைகள். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமில்லாமல் குடைந்தது என்று அங்கே கல்வெட்டு சொல்கிறது. எனக்கு அந்தப் பாறைகள் வேறொரு அடையாளம். அவற்றுக்குக் கிழக்கே எங்கள் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், இருந்தது.

அந்த இடத்துக்கு மேலேதான் ஸ்டால் பழக வேண்டும். விமானத்தின் மூக்கை அளவுக்கு மேல் தூக்கினால், இறக்கைக்குக் காற்றின் மேலிருக்கும் பிடி விட்டுப்போகும். விமானம் பறப்பதை நிறுத்திவிட்டு விழத் தொடங்கும். அதுதான் ஸ்டால். அதை வேண்டுமென்றே செய்து, அதிலிருந்து மீள வேண்டும். நாலாயிரம் அடி உயரத்தில் இன்ஜினைத் தணித்துவிட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டே போக வேண்டும். வேகம் குறையக் குறைய இறக்கையில் இருக்கும் எச்சரிக்கை ஊதல் அழ ஆரம்பிக்கும்; அச்சு அசல் அந்தப் பலூன் சத்தம். பிறகு விமானத்தின் உடம்பெல்லாம் நடுங்கி, மூக்கு தானே சரியும். அப்போது இடக்கையால் மூக்கை இன்னும் கீழே தள்ள வேண்டும். வலக்கையால் இன்ஜினுக்கு முழு வேகம் கொடுக்க வேண்டும். விழும்போது கீழே தள்ளுவது மனித சுபாவத்துக்கு விரோதமான காரியம். ஆனாலும் அதை நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன் என்று கொஞ்சம் கர்வத்தோடே சொல்லலாம். அந்த கர்வம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருந்தது.

அன்று ஊருக்குப் போயிருந்தேன். அப்பா அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சாப்பிட உட்கார்ந்ததுமே தொடங்கினார்.

"ஏன்டா, இறக்கத்துல நியூட்ரல்ல வுட்டு எண்ண மிச்சம் புடிக்கக் கூடாதுன்னு உனக்கு எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்?"

"நான் எப்பப்பா நியூட்ரல்ல வுட்டேன்?"

"தெனம் காலையில எங்க தலைக்கு மேல வந்து ஆஃப் பண்ற. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் உர்ருன்னு வர்ற. என் கிட்டயேவா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தணித்து, "உங்கம்மா களக்கொத்த கீழ போட்டுட்டு அப்படியே நிக்கிறாடா. சத்தம் வந்தாதான் குனியறா. அவள பாத்து கூட களை எடுக்கறவங்களும் நின்னுடறாங்க" என்றார்.

அம்மா உள்ளே இருந்தார். எங்கள் பேச்சு காதில் விழாத மாதிரி குழம்புக் கரண்டியோடு வந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு ஸ்டால் வரவில்லை. இன்ஜினைத் தணித்ததும், கீழே வரப்பில் நிமிர்ந்து நிற்கும் ஆளைத்தான் நினைப்பேன். ஊதல் முனகத் தொடங்கிய உடனே, விமானம் விழுவதற்கு முன்பே, வலக்கை முன்னே போய் முழு வேகம் கொடுத்துவிடும். மூன்று காலைகள் இப்படியே போயின.

பயிற்சியாளர் ஸ்டெல்லா மேடம் என்னைவிட ஒரு வயது சின்னவர், திண்டிவனத்துக்காரர். மூன்றாம் நாள் இறங்கியதும் கேட்டார்.

"எதுக்குங்க பயப்படுறீங்க? எனக்கா, பூமிக்கா?"

"பயம் இல்ல மேடம்."

"அப்ப ஏன் முழுசா வுட மாட்டேன்றீங்க? தனியா போறப்ப நெஜமாவே விழுந்தா, அங்கருந்து திரும்பி வர்ற வழி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முழுசா விழுந்து எழுந்து காட்டலன்னா சோலோவுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன். அப்பறம் மேடம் பேஜாரு புடிச்சவங்கன்னு சொல்லாதீங்க."

சொல்லிவிட்டேன். கொல்லை, அம்மா, களைக்கொத்து எல்லாவற்றையும்.

"வேணும்னா திண்டிவனம் பக்கம் போலாம். ஆனா அங்க எங்கம்மா இருக்காங்க. இப்படி ஊர் ஊரா ஒதுங்கிக்கினே போனா, கடல் மேல போய்தான் ஸ்டால் பண்ணணும்" என்றார். பிறகு, "எங்கம்மாகிட்ட, ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிங்கம்மா, அதுக்குள்ள சத்தம் வந்துடும்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க உங்கம்மாகிட்ட ஒண்ணுமே சொல்லல. அதான் பிரச்சன" என்றார்.

அன்று மாலையே பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அம்மா புடைத்துக்கொண்டிருந்த கேப்பையை முறத்தோடு வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முறத்தையே இறக்கையாகப் பிடித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"சத்தம் நின்னா விழுவியா?"

"கொஞ்சம் விழுவேன்."

"விழறப்ப என்னா பண்ணுவ?"

"இன்னும் கீழ தள்ளுவேன்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்குத்தான் அம்மாம் படிச்சியா?" என்றார். முறத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இரண்டு புடை புடைத்துவிட்டு, "அது வரைக்கும் நான் என்னா பண்ணட்டும், சொல்லு" என்றார்.

"களை எடும்மா. நின்னுக்கினு இருக்காத. ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கினே புடுங்கு. பத்துக்குள்ள வந்துருவேன்."

"பத்து."

"பத்துக்குள்ள."

வெள்ளிக்கிழமை வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நானேதான் மண்டகப்பட்டுப் பக்கம் திருப்பினேன். ஸ்டெல்லா மேடம் கைகளைக் கட்டிக்கொண்டார். இன்ஜினைத் தணித்தேன். ஊதல் முனகி, அழுது, ஓலமிட்டது. வலக்கை முன்னே போகப் பார்த்தது, பிடித்து வைத்திருந்தேன். விமானம் நடுங்கியது. கண்ணாடி முழுக்க வானமாக இருந்தது சட்டென்று பாறையும் கொல்லையுமாக மாறியது. கீழே தள்ளினேன், முழு வேகம் கொடுத்தேன். இன்ஜின் உறுமியதைப்போல இனிய சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

"இப்ப அழகா விழுந்தீங்க" என்றார் மேடம்.

மாலையில் வீட்டுக்குப் போனபோது தொட்டியில் மாடு எதையோ ஆசையாகத் தின்றுகொண்டிருந்தது. அம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏழாவது களையிலயே வந்துட்டியே" என்றார். அப்பாவிடம் திரும்பி, "மூணு மிச்சம்" என்றார். அப்பா மாட்டுக் கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் தனியாகப் பறந்தேன். பிறகு உரிமமும் வாங்கினேன். சில வருடம் பறந்தேன். பிழைப்பு வேறு பக்கம் இழுத்துப் போனது. பள்ளியை மூடிவிட்டார்கள். ஸ்டெல்லா மேடம் இப்போது முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு கடல் தாண்டிப் பறக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பினால் பதில் வரும்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. மேல்மலையனூரிலிருந்து திரும்பிய அன்று, வரிசையில் ஒருவரைத் தள்ளிய கதையை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஆடிக் கடைசி என்றார். என் பறப்புப் பதிவேடு ஆவணி முதல் வாரம் என்கிறது. இந்த விஷயத்தில் நான் பதிவேட்டைத்தான் நம்புவேன். எடுத்து வந்து காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"மாசம் எதுவோ இருக்கட்டும். அன்னிக்கி நான் வரப்புலதான் நின்னுக்கினு இருந்தேன். அவ புடுங்கனது களையே இல்லடா. ஏழும் மல்லாட்டச் செடி. பிஞ்சு வுட்டிருந்துது. மேலயே பாத்துக்கினு புடுங்கியிருக்கா. சத்தம் வந்தப்பறம்தான் கையில பாத்தா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டு மாட்டுக்கு எடுத்துக்கினு போயிட்டா."

எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைக்கிறவன் நான். அன்று மாட்டுத் தொட்டிக்குள் ஒரு முறை எட்டிப் பார்க்கவில்லை.

பதிவேட்டில் அந்த நாளுக்கு நேராக, ஸ்டால் முழுமை, மீட்பு நன்று என்ற பொருளில் மேடத்தின் ஆங்கிலக் கையெழுத்து இருக்கிறது. அதன் கீழே பென்சிலால் 'மல்லாட்டைச் செடி, ஏழு' என்று எழுதிவைத்தேன். அந்தக் கொல்லையில் இப்போது சவுக்கு நிற்கிறது. சவுக்குக்குக் களை எடுப்பாரில்லை. வரப்பில் நின்று மேலே பார்த்தால், முன்போல அதே வானம்தான். ஒரு சத்தமும் இல்லை. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். பத்து தாண்டிவிட்டது.