செம்பு மலையில் ஒரு டீ அடுப்பு

இரண்டாயிரத்து நான்கு வாக்கில், ஓமனில் சோஹாருக்கு மேற்கே மலைக்குள் ரோடு போடும் கம்பெனியில் சர்வே ஹெல்பராக இருந்தேன். என்னோடு வேலை பார்த்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர். வெயிலைப் பொறுத்துக்கொள்வார், பத்து மணிக்கு டீ இல்லையென்றால் பொறுக்கமாட்டார்.

நாங்கள் அளந்த இடத்தில் ஒரு சரிவு முழுக்கக் கறுப்புக் கற்கள் கொட்டிக் கிடந்தன. உடைந்த ஓரங்கள் கண்ணாடி மாதிரி மின்னும். கையளவு கல்லே நல்ல கனம். அண்ணன் அவற்றில் தோதானதைப் பொறுக்கி வட்டமாக அடுக்கி, இடுக்குகளில் மண் பூசி, காற்றில் அணையாத அடுப்பு ஒன்று கட்டினார். இரண்டு மாதம் அதில்தான் டீ. பிறகு வேலை வேறு பக்கம் நகர்ந்துவிட்டது.

மறுபடி அங்கே போன அன்று, எங்கள் அடுப்பைச் சுற்றி நூல் கட்டியிருந்தது. தொல்லியல் ஆராய்ச்சிக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா மண்டியிட்டு அதை பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் மலையாளி இன்ஜினியர் பயபக்தியோடு நின்றார்.

"ஆயிரம் வருஷம் முன்னாடி இங்க செம்பு உருக்கியிருக்காங்களாம். இந்தக் கல்லெல்லாம் அதோட கசடு. இப்படி முழுசா ஒரு உலை எங்கயுமே கிடைச்சதில்லையாம்," என்றார்.

அண்ணன் என் காதருகே குனிந்தார். "தம்பி, அது நம்ம அடுப்புடா."

"பேசாம இருங்கண்ணே. வேலை போயிரும்."

அந்த அம்மா சாம்பலை அள்ளிப் பையில் போட்டு நம்பர் எழுத ஆரம்பித்ததும் அண்ணனால் தாங்க முடியவில்லை.

"மேடம், மாஃபி ஓல்டு! திஸ் மை டீ!" என்று, 'இல்லை'க்குத் தெரிந்த ஒரே அரபியைப் போட்டுக் கத்தினார்.

நேரே போய் சாம்பலுக்குள் கைவிட்டுத் துழாவி, கருகிப்போன பால் டப்பா மூடி ஒன்றை எடுத்து நீட்டினார்.

இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த அம்மா மூடியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு அந்த அம்மாவே கொஞ்ச தூரம் நடந்து தேடி, நிஜ உலையைக் கண்டுபிடித்துக் காட்டினார். தரையோடு தரையாக, சிவக்கச் சுட்ட மண் விளிம்பு மட்டும். தினமும் அதை மிதித்துத்தான் நடந்திருக்கிறோம். இந்த வெக்கையில் மனிதர்கள் துருத்தி ஊதி நெருப்பு வளர்த்ததை அவர் சொல்ல, இன்ஜினியர் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

அண்ணன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "சார், அந்தக் காலத்து உலை ஆளுங்களுக்கு ஊருக்குப் போக லீவு எத்தனை வருஷத்துக்கு ஒருக்காம்? கேளுங்க."

கேட்டார். அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை; அதை யாரும் எழுதி வைக்கவில்லையாம்.

"இவ்வளவு படிச்சும் முக்கியமானத விட்டுட்டாங்களே," என்று அண்ணன் நிஜமாகவே வருத்தப்பட்டார்.