தங்க பார்டர் போட்ட பாட்டில்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் பார்டர். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கோபமே வராது. எங்களுடையது லேபிள் அச்சடிக்கும் கடை. சோப்பு, தேன், பினாயில், மெழுகுவர்த்தி என்று எது வந்தாலும் சுற்றிலும் தங்க நிறத்தில் ஒரு பார்டர் ஓட்டிவிடுவார். எதிர்வீட்டுக்காரர் 'இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்' என்று ஒரு போர்டு கேட்டார். அதற்கும் பார்டர் போட்டுக் கொடுத்தார். போகிறவர்கள் எல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு நின்று படித்தார்கள்.

பார்டரோடு நின்றால் பரவாயில்லை. மனிதருக்குக் காலி இடத்தைக் கண்டாலே ஆகாது. லேபிளில் விரற்கடை இடம் மிஞ்சினால் போதும், கை துறுதுறுக்கும், தானாக எதையாவது எழுதி நிரப்புவார். தரை துடைக்கும் திரவம் ஒன்றுக்குத் 'தலைமுறைகளின் நம்பிக்கை' என்று போட்டார். அந்தக் கம்பெனி தொடங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"எந்தத் தலைமுறைங்க?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு கெத்துக்குத்தான். இதையெல்லாம் எவன் படிக்கப் போறான், விடு."

இப்படித்தான் ஒரு நாள், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மூலிகை டானிக்குக்கு லேபிள் கேட்டு வந்தார். சிரித்த முகம், வாய்க்கு வாய் 'அண்ணே'. அவர் எழுதிக் கொண்டுவந்தது டானிக்கின் பெயரும், சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற ஒரு வரியும்தான். கீழே பாதி லேபிள் காலி. இவர் சும்மா இருப்பாரா? 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது. பக்க விளைவுகள் அறவே இல்லை. இனி மாத்திரை எதற்கு?' என்று தட்டி நிரப்பினார். பக்கத்தில் ஒரு மைக்ராஸ்கோப் படம். தரை துடைக்கும் திரவத்துக்குப் போட்ட அதே மைக்ராஸ்கோப். வந்தவருக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணே, என் மனசுல இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டுட்டீங்க!"

வெட்டிக் கட்டிக் கொடுப்பது என் வேலை. செய்தேன், மறந்தும் போனேன்.

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தையல்காரர். பெற்றவர்கள் போன பிறகு தையல் மிஷினை மிதித்து மிதித்தே இந்த மனிதரை ஆளாக்கியவர். இவருக்கும் அக்கா என்றால் உயிர். அண்ணி படிப்பைப் பாதியில் விட்டவர். அதனாலோ என்னவோ, அச்சில் வந்தது எதுவானாலும் அவருக்கு வேதவாக்கு. "அச்சுல போட்டிருக்குன்னா சும்மாவா போடுவான்?" என்பார். யார் என்ன எதிர்த்துச் சொன்னாலும் மண்டையில் ஏறாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுக்குப் போனோம். அண்ணி சொம்பும் கையுமாக இருந்தார். பேசுவார், தண்ணீர் குடிப்பார், மறுபடி பேசுவார், மறுபடி குடிப்பார். ஊசியை என்னிடம் நீட்டி, "நூலைக் கொஞ்சம் கோத்துக் கொடும்மா. இந்த வீட்டுல வெளிச்சமே போதல" என்றார். வெளியில் வெயில் கொளுத்துகிறது, ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கிறது. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. ஊசியை வாங்கத் திரும்பினேன். அலமாரியில் ஒரு பாட்டில், சுற்றிலும் தங்க பார்டர்.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது.

"அண்ணி, சர்க்கரை மாத்திரை சாப்பிடுறீங்கல்ல?"

"அதையெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சு. அது போட்டா வயித்தைப் புரட்டும். இது அப்படி இல்ல. பக்க விளைவே இல்லையாம். ஆய்வுல நிரூபிச்சிருக்காங்க. பாரு, போட்டிருக்கே!"

நான் இவரைப் பார்த்தேன். மனிதரின் முகத்தில் ஈயாடவில்லை. பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இதை எழுதினது நான்."

"அச்சடிச்சது நீ. தெரியுதே உன் பார்டர். தம்பி கடையில அடிச்சதுன்னு பார்த்துத்தானே வாங்கினேன்."

"அடிச்சது மட்டும் இல்லக்கா. எழுதினதும் நான்தான். கீழே இடம் காலியா இருந்துச்சு."

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "யாருகிட்ட காது குத்துற? பள்ளிக்கூடத்துல பசுவைப் பத்தி நாலு வரி எழுதுடான்னா, உனக்கு நான்தான் எழுதிக் கொடுக்கணும். 'நிரூபிக்கப்பட்டது'ன்னு நீ எழுதினியா?"

"சத்தியமா நான்தான்க்கா."

"அப்போ எந்த ஆய்வு?"

"ஒரு ஆய்வும் இல்ல."

"உனக்குத் தெரியாதுன்னு சொல்லு. விவரம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

எனக்கு வந்ததே கோபம். தம்பி வாயால் சொன்னால் பொய், அதே தம்பி லேபிளில் அடித்தால் உண்மையா? இவரையும் சும்மா விடவில்லை. "போங்க, நீங்களும் உங்க கெத்தும்! எவன் படிக்கப் போறான்னு கேட்டீங்களே, உங்க அக்காதான் படிச்சிருக்காங்க" என்று வெளுத்து வாங்கினேன். அவர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"அக்கா, கடை வரைக்கும் வா. வந்து பாத்துட்டு, அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தது. ஷட்டரைத் தூக்கி, அண்ணியைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார வைத்தார். ஒரு காலி பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு ஒரு பேரு சொல்லு."

"தண்ணிக்கு எதுக்குடா பேரு?"

"சொல்லேன்."

"ம்... ஜீவ சாரம்னு வை."

"இது என்னத்தையெல்லாம் சரி பண்ணும்?"

அண்ணி முதலில் கூச்சப்பட்டார். முழங்கால் வலி என்றார். அப்புறம் முடி கொட்டுவது. அப்புறம் தூக்கமின்மை. அதற்குள் அவருக்கே ருசி பிடித்துவிட்டது. நான் என் பங்குக்கு, "புருஷன் சொன்ன பேச்சைக் கேட்பான்னும் போடுங்க" என்றேன்.

"ஆய்வு போடட்டுமாக்கா?"

"போடு, போடு. வெறும் ஆய்வு வேணாம், வெளிநாட்டு ஆய்வுன்னு போடு. அப்பத்தான் எடுப்பா இருக்கும்!"

பார்டர் ஓட்டினார், பழைய மைக்ராஸ்கோப்பைப் பக்கத்தில் வைத்தார், அச்சுக்குக் கொடுத்தார். லேபிள் சுடச்சுட வந்தது. வெட்டி ஒட்டி அண்ணியின் கையில் கொடுத்தேன். ஆசையாக வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி பக்கத்தில் கொண்டுபோனார்.

"என்னடா, எழுத்தெல்லாம் கலங்கிக் கிடக்கு? மிஷின்ல மை தீர்ந்துபோச்சா?"

நானும் எட்டிப் பார்த்தேன். எழுத்து பளிச்சென்று இருந்தது.

"மை நல்லாத்தான் இருக்குக்கா" என்றார் இவர். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அந்த மனிதர் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அக்காவின் மடியில் தலையை வைத்துக் குழந்தைபோல் அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

அண்ணி பாட்டிலை மேசைமேல் வைத்தார். பிறகு, "கண்ணு போயிட்டா நான் எப்படிடா தைப்பேன்?" என்று கேட்டார்.

மறுநாள் காலை மருத்துவமனைக் கதவு திறக்கும் முன்பே நாங்கள் வாசலில் நின்றோம். பரிசோதனையில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. டாக்டரம்மா ஒரு பிடி பிடித்தார்.

"வயித்தைப் புரட்டுதுன்னா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? சாப்பாட்டோட போடச் சொல்லியிருப்பேன், இல்ல வேற மாத்திரை மாத்தியிருப்பேன். நீங்களா நிறுத்தலாமா? சர்க்கரை இறங்கினா பார்வை தெளியும்னு நினைக்கிறேன். ஆனா கண் டாக்டர்கிட்டயும் கண்டிப்பா காட்டணும்."

திட்டு வாங்கிய கையோடு, அண்ணி மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து என்னைப் படிக்கச் சொன்னார். பொடி எழுத்தில் பக்க விளைவுகள் வரிசை வரிசையாக இருந்தன. அவர் முகம் மாறியது.

"இதுல இவ்வளவு போட்டிருக்காங்களே டாக்டர்! இதை யாரு எழுதினது?"

டாக்டரம்மாவுக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. "இந்தக் கேள்வியைத்தான் முதல்லயே கேட்டிருக்கணும். நிறைய பேருக்குக் கொடுத்துப் பாத்து, யாருக்கு என்ன பண்ணுச்சுன்னு கவனிச்சு எழுதினது. ஒண்ணுமே பண்ணாதுன்னு போட்டிருந்தா, அதைத்தான் சந்தேகப்படணும்."

டானிக்காரர் மறுபடி லேபிள் கேட்டு வந்தார். ஆய்வுக்கான ஆதாரத்தைக் கொண்டுவந்தால்தான் அடிப்பேன் என்று இவர் சொன்னார். "என்னண்ணே, நீங்கதானே எழுதினீங்க!" என்றார் அவர். அப்போதும் இவர் மறுத்துவிட்டார். அவர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார். தொல்லை விட்டது என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரைக்குச் சேதமில்லை, வருடா வருடம் காட்டுங்கள் என்றார். சர்க்கரை மெல்ல மெல்ல இறங்கியது. வெகுநாள் கழித்து ஒரு சாயங்காலம் நாங்கள் போயிருந்தபோது, எங்கள் கண்முன்னாலேயே அண்ணி ஊசியில் நூல் கோத்தார். ஒரே தடவையில் கோத்துவிட்டு, ஜெயித்தவர் மாதிரி எங்களைப் பார்த்தார். இவர் கை தட்டினார். ஜீவ சாரம் பாட்டில் தையல் மிஷின் மேலேயே இருந்தது. பார்க்கும்போது புத்தி வரட்டும் என்று வைத்திருக்கிறாராம்.

தைத்த துணியை வாங்கிப் போக வந்த ஒரு அம்மா அந்தப் பாட்டிலை எடுத்து நிதானமாகப் படித்தார்.

"இது எங்கங்க கிடைக்கும்? என் முழங்கால் உயிரை வாங்குது."

"குழாய்ல" என்றார் அண்ணி.

"விளையாடாதீங்க. எந்தக் கடைன்னு சொல்லுங்க."

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. வெறும் தண்ணீர்தான் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லி, பாட்டிலைத் திறந்து குடித்தும் காட்டினார். அப்படியும் அந்த அம்மா அரைமனதாகத்தான் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் அண்ணி தம்பியைப் பார்த்தார்.

"டேய், எனக்குச் சொல்ல நீ இருந்தே. அந்த டானிக்கை வாங்கினவங்களுக்கு யாருடா இருக்கா?"

இவர் அங்கே ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. நேராகக் கடைக்கு வந்தார். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு புகார் தட்டினார். அந்த டானிக் லேபிளில் உள்ள வாசகங்களை எழுதியது நான், எனக்குத் தெரிந்து எந்த ஆய்வும் இல்லை, அதை நம்பி என் அக்கா மாத்திரையை நிறுத்தினார், தயவுசெய்து விசாரியுங்கள். அவ்வளவுதான். டானிக் விற்கும் கடைகளுக்குக் கொடுக்கப் பிரதிகளும் எடுத்தார். நான் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். சுற்றிலும் பார்டர் இல்லை. கையெழுத்துக்குக் கீழே பாதித் தாள் வெறுமனே கிடந்தது.

"என்னங்க, கீழே இவ்வளவு இடம் இருக்கே?" என்று சீண்டினேன்.

"இருக்கட்டும்" என்றார்.